‘நான்’ பேராசிரியரும் ‘நாம்’ பேராசிரியரும் வந்த கல்யாணம்

கார்லோவ்ட்சி,
திராட்சை பிழிந்து முடித்த வாரம்

என் மரியாதைக்குரிய மூத்த சகோதரி பெர்சிதா அவர்களின் சமூகத்துக்கு, தம்பி, கால்நடை வைத்தியன் காவ்ரிலோ பணிந்து எழுதிக்கொள்வது. கட்டுப் போட்ட உன் கால் நல்லபடியாகக் கூடி வருகிறது என்று அத்தான் போட்ட அட்டையில் கண்டு ஆறுதல் அடைந்தோம். இவ்விடம் நானும் என் மனைவி ஆங்கெலினாவும் சுகம். பசுக்களும் சுகம். பன்றிகளுக்கு வந்த காய்ச்சல் போய்விட்டது. எனக்கு வந்தது இன்னும் போகவில்லை, ஆனால் அது உடம்புக் காய்ச்சல் அல்ல.

உன் கடிதத்தில் கோபம் இருந்தது. நியாயமான கோபம். ஒரே தம்பியின் ஒரே மகன் கல்யாணத்துக்குக் கால் உடைந்து வர முடியாமல் போனதோடு, “கல்யாணத்துல போலீஸ் வந்துதாமே, பொண்ணோட அப்பா அறைக்குள்ள பூட்டிக்கிட்டாராமே, கூம் தரையில உக்காந்து அழுதாராமே” என்று மோஸ்தார் சந்தையில் மீன்காரி சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தாய். போலீஸ் வரவில்லை அக்கா. வந்தவர் தபால்காரர், நீ அனுப்பிய வாழ்த்துத் தந்தியைக் கொண்டு வந்தார், தொப்பி ஒரே மாதிரி இருந்ததால் கீழே நின்ற மாணவர்கள் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மற்ற இரண்டும் ஏறத்தாழ உண்மை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ மோஸ்தாருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபின் பெல்கிரேடில் நடந்த கூத்தெல்லாம் உனக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பாலாச் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நமக்குக் கூம், ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் சாட்சி நிற்கும் உறவு. உனக்கும் எனக்கும் ஞானஸ்நானத் தொட்டியருகே பெயர் வைத்தவர் நெஸ்தோர் பாலாச்சின் அப்பா. என் கல்யாணத்தில் என் பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்து நின்றவர் நெஸ்தோர். என் மகன் ஊரோஷுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அப்பாவைக்கூட மாற்றிக்கொள்ளலாம், கூமை மாற்ற முடியாது என்றுதான் நம்மை வளர்த்தார்கள். சின்ன வயதில் நம் கொல்லையில் பச்சைப் பேரிக்காய் தின்று வயிற்று வலியில் உருண்ட அந்த ஒல்லிப் பையன் நெஸ்தோர் இன்று நாடு முழுக்கப் பெயர் பெற்ற தத்துவப் பேராசிரியர். ‘நாம்’ என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், செங்கல் கனம் இருக்கும். தனி மனிதன் என்று ஒருவன் கிடையவே கிடையாது, இன்னொருவர் நம்மைப் பார்த்துப் பேசும்போதுதான் நாம் மனிதர் ஆகிறோம் என்பது சாரம். இதை எழுதியவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது தொட்ட கதவுப் பிடியைத் துணி வைத்துத்தான் பிடிப்பார். ரயிலில் எதிர் இருக்கையில் ஆள் வந்து உட்கார்ந்தால் எழுந்து வேறு பெட்டிக்குப் போவார்.

அதே பல்கலைக்கழகத்தில் அதே தாழ்வாரத்தில் எதிர் அறையில் இருக்கிறவர் பேராசிரியர் அர்சேனியே விதாக்கோவிச். இவர் கட்சி நேர் எதிர். ஒருவருக்குள் இன்னொருவர் நுழையவே முடியாது, அவரவர் தீவில் நின்று அவரவர் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான் என்கிறார். இவருக்கு மனைவி இருந்தார், இரேனா என்று பெயர், தங்கமான மனுஷி. மகள் இருக்கிறாள், ஸோர்கா. தீவில் தனியாக நிற்கும் இந்த மனிதருக்கு மகள் வந்து சொன்னால்தான் பசிக்கிறது என்பதே தெரியும். கோட்டை எந்தப் பக்கமாகப் போட்டுக்கொள்வது என்பதையும் அவள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு பேரும் வாலிபத்தில் உயிர் நண்பர்கள். லைப்சிக் நகரத்தில் படிக்கும்போது ஒரே அறை, ஒரே குளிர்கால மேல்கோட்டு. ஒருவர் வகுப்புக்குப் போனால் மற்றவர் போர்வைக்குள் கிடப்பார். திரும்பி வந்த பிறகும் ஞாயிறு தவறாமல் நெஸ்தோருக்கு மதியச் சாப்பாடு அர்சேனியே வீட்டில்தான். எழுத்தில் அடித்துக்கொள்வார்கள், மேஜையில் சேர்ந்து சாப்பிடுவார்கள். பிறகு இரேனா அம்மாள் நிமோனியாவில் போய்விட்டார். அடக்கத்தன்று எல்லோரும் மண் போட்டு முடித்த பிறகு நெஸ்தோர், அர்சேனியேவின் தோளில் கை வைத்து, “அவங்க எங்கயும் போகல. உனக்குள்ளதான் இருக்காங்க” என்றார். நெஸ்தோரோடு போயிருந்த நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அர்சேனியே திரும்பினார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. “என் பொண்டாட்டி குழிப் பக்கத்துல நின்னுக்கிட்டு உன் புத்தகத்த விக்காதே” என்றார். அவ்வளவுதான். அன்றோடு நின்றது பேச்சு.

நின்றது பேச்சுதான், சண்டை அன்றுதான் தொடங்கியது. அர்சேனியே அடுத்த புத்தகத்தில் அடிக்குறிப்பாக, ‘இக்கருத்தைச் சிலர் மறுப்பர், அவர்களுக்குச் செரிமானக் கோளாறு உண்டு’ என்று போட்டார். நெஸ்தோர் மறு மாதமே தன் குடல் சீராக இருப்பதாக டாக்டரின் சான்றிதழோடு பதில் கட்டுரை எழுதினார். நெஸ்தோரின் சீடர்கள் ‘வட்டம்’ என்று பத்திரிகை தொடங்கினார்கள், அர்சேனியேவின் சீடர்கள் ‘எல்லை’ என்று தொடங்கினார்கள். காப்பிக் கடைகள் பிரிந்தன. வட்டத்துக்காரர் முடி வெட்டிக்கொள்ளும் நாவிதரிடம் எல்லைக்காரர் போவதில்லை. பல்கலைக்கழகத்தில் இருவர் கதவும் எதிரெதிரே திறப்பதால், தற்செயலாக முகத்தைப் பார்த்துக்கொள்ளாமலிருக்கத் தாழ்வாரத்தின் நடுவில் பெரிய அலமாரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் புத்தகமே கிடையாது அக்கா, நானே திறந்து பார்த்தேன். ஒரு விளக்குமாறு இருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் படிக்கப் போன நம் ஊரோஷ், கால்நடை மருத்துவக் கல்லூரியில் எத்தனையோ பெண்கள் கண்ணில் பட்டிருக்க, உறைந்த ஸாவா ஆற்றில் சறுக்கி விளையாடப் போய் ஸோர்காவின் மேல் மோதி விழுந்து, எழுந்த போது காதலித்துக்கொண்டிருந்தான். அவளும்தான். ஒரு வருஷம் மூச்சு விடவில்லை. இந்த வசந்தத்தில் வீட்டுக்கு வந்தவன், சாப்பாட்டுக்கு முன்னால் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான்.

“அப்பா, பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா அவங்க அப்பா யாருன்னு சொன்னா நீங்க கொஞ்சம் உக்காரணும்.”

“உக்காந்துதான்டா இருக்கார், சொல்லு” என்றாள் ஆங்கெலினா.

சொன்னான். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பெண் கேட்கப் போனோம். பன்றித் தொடை, நம் தோட்டத்து ஒயின், பூ வேலை செய்த குடுவையில் பிளம் சாராயம், எல்லாம் முறைப்படி. அர்சேனியே மரியாதையாகத்தான் வரவேற்றார். உயரமான மனிதர், பேசும்போது ஜன்னலைப் பார்த்துப் பேசுவார். ஸோர்கா பிரெஞ்சு சொல்லித்தரும் பள்ளி ஆசிரியை, நல்ல நிமிர்வு. அப்பாவின் தட்டில் இறைச்சியை வெட்டி வைத்துவிட்டுத்தான் எங்களுக்குப் பரிமாறினாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவர், தெரியாதவர் போல, “உங்க பையனுக்குக் கூம் யாரு?” என்றார்.

“நெஸ்தோர் பாலாச்.”

“அந்தப் பேர இந்த வீட்ல சொல்றதில்ல.”

“நீங்கதானே கேட்டீங்க.”

“கேட்டது நீங்க வேற பேர் சொல்வீங்களோன்னு. ஆள மாத்துங்க.”

ஆங்கெலினா முட்கரண்டியைக் கீழே வைத்தாள். “சம்பந்தி, புருஷன மாத்தச் சொல்லுங்க, யோசிச்சுச் சொல்றேன். கூம மாத்த முடியாது” என்றாள். நான் இதைக் கவனித்துக்கொண்டேன், ஆனால் அது சண்டை போடும் நேரமில்லை. அர்சேனியே ஜன்னலைப் பார்த்தபடி, “அப்போ பேச ஒண்ணும் இல்ல” என்றார். அப்போது ஸோர்கா, குரலை உயர்த்தாமல், பாத்திரத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “அப்பா, அவர் வரலன்னா கல்யாணம் இல்ல. கல்யாணம் இல்லன்னா நான் தெற்கே ஸ்கோப்ளேவுக்குப் போயிடுவேன், மாத்தல் கேட்டு எழுதியாச்சு. அங்க எனக்குக் கூமும் வேணாம், அப்பாவும் வேணாம்.” அந்தப் பெரிய மனிதரின் கை மேஜைத் துணியை இறுகப் பிடித்ததை நான் பார்த்தேன். “வரட்டும். ஆனா என் காதுல விழற மாதிரி தத்துவம் பேசக் கூடாது. ‘நாம்’ கூடாது. ‘ஒன்று’ கூடாது. ‘இருவர் சேர்ந்து’ கூடவே கூடாது” என்றார்.

கல்யாணத்தில் கூம் எழுந்து வாழ்த்துரை சொல்ல வேண்டும். நாம், ஒன்று, இருவர், சேர்ந்து ஆகிய நான்கு சொற்களும் இல்லாமல் கல்யாண வாழ்த்து எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் எழுது. நான் இதைத் தூக்கிக்கொண்டு நெஸ்தோரிடம் போனேன். கதவுச் சங்கிலியை எடுக்காமல் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, “காவ்ரிலோவா? உள்ள வாங்க. அந்த நாற்காலில உக்காராதீங்க, அது என்னோடது” என்றார். இருந்தது ஒரே நாற்காலி. நின்றபடியே சொன்னேன். மனிதர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “வருவேன். அது என் கடமை. என்ன பேசணும்னு அவர் சொல்லக் கூடாது” என்றார். “அவர் சொல்லல கூம், என்ன பேசக் கூடாதுன்னுதான் சொல்றார்” என்றேன். “அதத்தான் அவர் வாழ்க்கை முழுக்கச் சொல்லிட்டு இருக்கார்” என்றார். அதன்பின் கோடை முழுவதும் நான் கார்லோவ்ட்சிக்கும் பெல்கிரேடுக்கும் ரயிலில் போய் வந்தேன். ‘இரு மலர்கள்’ என்று போடலாமா என்பார் நெஸ்தோர். ‘இரு’ என்றாலே போதும், அதற்குப் பின்னால் ‘ஒன்று’ ஒளிந்திருக்கிறது என்பார் அர்சேனியே. ‘பல மலர்கள்’ என்றால் மாப்பிள்ளையின் நடத்தையைப் பற்றி ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்பேன் நான். பேச்சு முறிந்து, கல்யாணம் நின்றுபோய், ஸோர்கா ஸ்கோப்ளே ரயிலில் ஏறுவது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ஊரோஷ் இளைத்துப்போனான். ஆங்கெலினா என்னோடு பேசும்போது நிறுத்தி நிறுத்தி வார்த்தைகளை எண்ணிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

இந்த நேரத்தில் ஸ்பிரிதோன் என்று ஒருவன் வந்தான். நெஸ்தோரின் உதவி ஆசிரியன், ‘வட்டம்’ பத்திரிகைக்கு அவன்தான் பொறுப்பு. நான் ஒரு மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பளபளக்கும் சப்பாத்தோடு தொழுவ வாசலில் நின்று, “டாக்டர், ஒரு வேண்டுகோள். இந்தக் கல்யாணத்துல அவங்க ரெண்டு பேரும் பேசிக்காம நீங்கதான் பாத்துக்கணும்” என்றான்.

“அதுக்குத்தானய்யா நான் செத்துட்டு இருக்கேன். சண்டை வராம பாத்துக்கறேன்.”

“சண்டை வந்தாப் பரவாயில்ல. சமாதானம் வந்துடக் கூடாது. நான் இவங்க கருத்து வேறுபாட்ட வெச்சுத்தான் பட்ட ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். ‘எல்லை’ ஆசிரியரும் அப்படித்தான் கவலைப்படறார்.”

“அவர் கவலை உனக்கெப்படித் தெரியும்? நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களே.”

அவன் சப்பாத்தைப் பார்த்தான். “நாங்க ஒரே வீட்லதான் குடியிருக்கோம். வெளில சொல்லிடாதீங்க” என்றான். கன்று பிழைத்தது அக்கா. அவனை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை, பெல்கிரேடில் விடிந்ததிலிருந்து மழை. பெண்ணை அழைக்க நாங்கள் எல்லோரும் நம் நாட்டுத் தம்புரா வாத்தியக்காரர்களோடு அர்சேனியே குடியிருக்கும் கட்டடத்துக்குப் போனோம். நெஸ்தோர் தோளில் பூ வேலைத் துண்டு குறுக்காகக் கட்டி, கையில் அலங்கரித்த மெழுகுவத்தியோடு என் பக்கத்தில் நடந்தார். வெளுத்துப் போயிருந்தார். தெருவின் இந்தப் பக்க நடைபாதையில் வட்டத்துக்காரர்கள் குடைபிடித்து நின்றார்கள், அந்தப் பக்கம் எல்லைக்காரர்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாடி ஏறினோம். கதவைத் திறந்தது ஸோர்கா. வெள்ளை உடை, தலையில் மலர், முகத்தில் ரத்தமில்லை.

“மாமா, அப்பா படிப்பறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டார். கூப்பிட்டா பதில் இல்ல.”

வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் ஒருவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான், அவனையும் யாரோ தட்டி நிறுத்தினார்கள். நான் போய்க் கதவைத் தட்டினேன். “சம்பந்தி, கோயில்ல பாதிரியார் காத்திட்டு இருக்கார், நமக்கப்புறம் வேற கல்யாணம் இருக்கு” என்றேன். ஆங்கெலினா போய், “சம்பந்தி, ஒரு வாய் சூப்பாவது கொண்டுவரட்டுமா?” என்றாள். என் தொழிலில் கத்துகிற மிருகத்துக்கு நான் பயப்படுவதில்லை. பெரிய மிருகம் ஒன்று சத்தமில்லாமல் மூலையில் போய் நின்றால்தான் பயப்படுவேன். மனிதரின் இதயத்துக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று குனிந்து சாவித் துவாரத்தில் பார்த்தேன். உள்ளே சாவி இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

ஊரோஷ் ஸோர்காவின் கையைப் பிடித்தான். “வா, நாம போயிடலாம். அப்புறமா வந்து கால்ல விழுந்துக்கலாம்.”

“அப்பா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாம இந்தப் படியில நான் இறங்க மாட்டேன்.”

“அவர் வர மாட்டேங்கிறாரே.”

“அப்ப நானும் வரல.”

அவன் கையை விட்டுவிட்டான். அந்த நேரம்தான் உன் தந்தியோடு தபால்காரர் வந்ததும், கீழே பையன்கள் சிதறி ஓடியதும். மேலே யாரும் சிரிக்கவில்லை. நான் தந்தியை வாங்கி, ‘நூறாண்டு வாழ்க’ என்று படித்து, மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பின்னால் நின்றிருந்த நெஸ்தோர் மெழுகுவத்தியை ஆங்கெலினாவிடம் கொடுத்தார். “தள்ளுங்க காவ்ரிலோ” என்றார். வெறும் கையால், துணி ஒன்றும் இல்லாமல், அந்தக் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு தட்டினார்.

“யாரு?”

“கூம். உங்க வாசல்ல நிக்கிறேன்.”

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு கதவுக்கு மிக அருகிலிருந்து குரல் வந்தது. “ஜெயிச்சிட்டேன்னு சொல்ல வந்தீங்களா, பேராசிரியர் பாலாச்?”

“எதுல?”

“கீழ உங்க பசங்க குடை பிடிச்சு நிக்கிறத ஜன்னல் வழியாப் பாத்தேன். நான் இப்பக் கதவத் திறந்தா அழுதிருக்கேன்னு முகத்துல தெரியும். அடுத்த இதழ்ல அச்சாகும்.”

“என் பசங்க மட்டும் இல்ல, உங்க பசங்களும் நிக்கிறாங்க.”

“அவங்களும்தான் அச்சடிப்பாங்க.” பிறகு குரல் இறங்கியது. “அவ போயிட்டா இந்த வீட்ல யாரும் இல்ல.”

“அதத்தானே இத்தனை வருஷமா எழுதிட்டு வர்றே. மனுஷனுக்கு யாரும் இல்லன்னு.”

“எழுதறது வேற, நெஸ்தோர்.”

அந்த வீட்டில் சொல்லக் கூடாத பெயரை அவரே சொல்லிவிட்டார். நெஸ்தோர் சுவரைப் பிடித்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார், கல்யாணத் துண்டும் புதுக் கால்சட்டையுமாக.

“அன்னிக்குக் கல்லறையில,” என்றார், “எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியலடா. வாயத் திறந்தேன், புத்தகத்துல இருந்த வாக்கியம் வந்துது. என்கிட்ட வேற வாக்கியம் இல்ல. ஞாயித்துக்கிழமை நான் மனுஷனாட்டம் சாப்பிட்டது இரேனா கையாலதான். நீ பொண்டாட்டியப் பறிகொடுத்தே. எனக்கு இருந்த ஒரே வீடு போச்சு. அத நான் யார்கிட்ட சொல்றது? உன்கிட்டதான் சொல்லணும். நீ பேச மாட்டே.”

அவர் அழுதாரா என்று மீன்காரி கேட்டாளே, அழுதார். மூக்கைத் துடைக்கக் கல்யாணத் துண்டைத்தான் எடுத்தார். ஆங்கெலினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸோர்கா அப்படியே நின்றாள்.

“அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன” என்றது குரல்.

“நீ எங்க சொல்ல விட்டே.”

தாழ்ப்பாள் விலகியது. அர்சேனியே வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. கோட்டு ஒழுங்காக இருந்தது. காலுறை மட்டும் ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. கீழே உட்கார்ந்திருந்தவர் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

“காலுறை மாறியிருக்கு.”

“தெரியும். ரெண்டும் தனித்தனியாக் கிடந்துது. அப்படியே போட்டுட்டேன்.”

நெஸ்தோர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு சொல்லாமல் கையை நீட்டினார். அர்சேனியே அவரைத் தூக்கிவிட்டார். அதற்குமேல் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அர்சேனியே மகளின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார். வாத்தியக்காரர்களை நான் கையைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். என்ன வாசித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

முடிந்தது என்று நினைக்காதே. கோயிலில் பாதிரியார், கணவனும் மனைவியும் ஒரே உடலாவதைப் பற்றிய வேத பாகத்தைப் படிக்கத் தொடங்கினார். இதை நான் கோடை முழுவதும் மறந்துபோயிருந்தேன். கோயில் நிறைய இருந்த படித்த தலைகள் அனைத்தும் பாதிரியாரை விட்டுவிட்டு அர்சேனியேவைப் பார்த்தன. அவர் வாய் திறந்தது. மறுப்புச் சொல்லும்போது அவர் உதடு எப்படிப் போகும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். மணமக்கள் பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்து நின்ற நெஸ்தோர் அவரைத் திரும்பிப் பார்த்தார். உருகிய மெழுகு கையில் சொட்டிக்கொண்டிருந்தது, கையை அசைக்கவில்லை. அர்சேனியே அந்தக் கையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு இருமினார். நான் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டேன்.

கோயிலுக்குப் பக்கத்துச் சத்திரத்தில் விருந்து. நூடுல்ஸ் போட்ட கோழி சூப், முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி, வாட்டிய பன்றிக்குட்டி. யாரும் அழைக்காமலேயே இரண்டு பத்திரிகைக்காரர்களும் வந்து கதவருகே நின்றுவிட்டார்கள். ஸ்பிரிதோன் பென்சிலைக் கூராக்கி வைத்திருந்தான். சூப்பு வந்தது. கூம் எழுந்தார். கரண்டிகள் ஓய்ந்தன. என்ன சொல்வதென்று கடைசிவரை ஒப்புக்கொள்ளப்படாத அந்த வாழ்த்துரை, கல்யாணத்தையே கவிழ்க்கக்கூடிய அந்த வாழ்த்துரை, இப்போது வரப்போகிறது. அவர் கோப்பையைத் தூக்கினார். மணமக்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். இத்தனை வருஷம் மேடையில் ஒரு கணம்கூடத் தடுமாறாத மனிதர். மேஜைக்கடியில் ஆங்கெலினா என் தொடையைக் கிள்ளினாள். கடைசியில், “என்னால முடியல. சம்பந்தி பேசுவார்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அர்சேனியே எழுந்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. வரிசையாக எல்லோர் முகத்தையும் பார்த்தார், கடைசியில் நெஸ்தோரை. “சூப்பு ஆறுது. சாப்பிடுங்க” என்றார்.

அவ்வளவுதான் அக்கா, நாட்டின் இரண்டு பெரிய நாவலர்களிடமிருந்து நம் ஊரோஷுக்குக் கிடைத்த கல்யாண வாழ்த்து. எல்லோரும் ஒரே நேரத்தில் கரண்டியை எடுத்தோம். அவ்வளவு ருசியான சூப்பை நான் சாப்பிட்டதில்லை. கதவருகே ஸ்பிரிதோன் அதை எழுதிக்கொண்டு, எழுதியதைப் பார்த்து, குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதான். எல்லை ஆசிரியன் அவனுக்கு ஒரு கைக்குட்டை கொடுத்தான். இந்த மாத ‘வட்டம்’ இதழில் ‘ஆறும் சூப்பின் கூட்டுத்தன்மை’ என்றும், ‘எல்லை’ இதழில் ‘தனிக் கோப்பை: ஒரு மௌன அறிக்கை’ என்றும் கட்டுரைகள் வந்திருப்பதாகக் கேள்வி. மாலையில் இரண்டு பெரியவர்களும், லைப்சிக்கில் தாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி பெயர் ஃப்ரீதாவா ஹெட்விகா என்று கத்திச் சண்டை போட்டபடி ஒரே டிராம் வண்டியில் ஏறிப் போனார்கள்.

ஆகவே, கவலையை விடு. சம்பந்தம் நல்ல சம்பந்தம், கூம் நல்ல கூம், பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், இந்தக் குடும்பத்தில் இனி யாருக்கும் யாரோடும் மனஸ்தாபம் இல்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு சொல்லுக்காக வருஷக்கணக்கில் முகம் திருப்பிக்கொள்வதை என் போன்ற எளிய மனிதன் எந்நாளும் புரிந்துகொள்ள முடியாது. அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம். கடவுள் உன் காலைச் சீக்கிரம் தரையில் ஊன்ற வைக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புத் தம்பி,
காவ்ரிலோ

பி.கு. உறையை ஒட்டி வைத்திருந்தேன், பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. திங்கட்கிழமை ஊரோஷும் ஸோர்காவும் இங்கே வந்து சேர வேண்டும். வாசலில் அப்பன், மகன் இரண்டு வைத்தியர் பெயரும் போட்டுப் புதுப் பலகை மாட்டியிருக்கிறேன். அவர்கள் வரவில்லை. தபால் நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது, பேசியது நெஸ்தோர். அர்சேனியேவைத் தனியாக விட முடியாதாம், பிள்ளைகள் இனி அந்த வீட்டில்தானாம், தானும் மூட்டை முடிச்சோடு அங்கேயே குடிவந்துவிட்டாராம், எல்லாம் கூடிப் பேசி முடிவு செய்தாயிற்றாம். அந்தக் கூட்டத்தில் என்னை ஏன் கேட்கவில்லை என்றேன். “உங்களையும் நினைச்சுத்தான் முடிவு பண்ணினோம்” என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுத மாட்டேன், தபால் நிலையத்துப் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். ஆங்கெலினா, இரண்டு கிழவர்களுக்கும் ஒழுங்காகச் சமைத்துப்போட ஆளில்லை என்று நேற்றைய ரயிலில் போய்விட்டாள். நானும் நெஸ்தோரும் பேசுவதில்லை. அர்சேனியே என் பக்கம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், ஆனால் சாப்பாடு நெஸ்தோரோடுதான் சாப்பிடுகிறார். இன்று காலை ஸ்பிரிதோன் வந்தான், முகம் தெளிந்திருந்தது. எங்கள் மனஸ்தாபத்தைப் பற்றிக் கட்டுரை ஒன்று கேட்கிறான். நான் மாட்டேன் என்றேன். இரண்டு பக்கம்தான் எழுதிக் கொடுத்தேன். கால் சரியானதும் நீ பெல்கிரேடு வழியாக வா. அந்தக் கூமைப் பார். அவர் முதலில் வணக்கம் சொன்னால் நான் பதிலுக்குச் சொல்வேன். இதை நான் சொல்லச் சொன்னதாக மட்டும் சொல்லாதே, நீயே நினைத்துக் கேட்பது போலக் கேள்.